சமையலறைக் கடிகாரம்

பறிமுதல் அலமாரி இன்றைக்கும் மூடவில்லை. அண்ணி முழங்காலால் கதவை முட்டினாள், தோளால் தள்ளினாள், கடைசியில் ஒரு நாற்காலியை முட்டுக் கொடுத்து நிறுத்தினாள். உள்ளே இறக்கையும் காலுமாக ட்ரோன்கள் ஒன்றன்மேல் ஒன்று கிடந்தன.

ஒவ்வொன்றுக்கும் ஒரு சாக்கு உண்டு. கல்யாண வீடியோ எடுப்பவர் "ரெண்டே நிமிஷம்தான் மேடம்" என்றார். மனை விற்பவர் தன் மாமா பெரிய இடத்தில் இருப்பதாகச் சொன்னார். இன்னொருவர் அது பிள்ளையின் பொம்மை என்று சாதித்தார். அந்தப் பொம்மையின் விலைக்கு ஒரு ஸ்கூட்டர் வாங்கிவிடலாம்.

இந்த வாரம்தான் படிக்க ஆரம்பிப்பவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அண்ணிக்கு விமானப் பாதுகாப்பு அலுவலகத்தில் வேலை. அனுமதியில்லாமல் ட்ரோன் பறக்கவிடுகிறவர்களைப் பிடிக்கும் பிரிவுக்கு அவள்தான் மூத்த அதிகாரி. தெருவில் அவளுக்கு 'வானத்து போலீஸ்' என்று பெயர். வீட்டில் கணவரும் அவர் தம்பியும். அண்ணன் பெரியவன், தம்பி சின்னவன். பெரியவன் வீட்டுக்குப் பின்னாலேயே நான்கு தையல் மிஷின் போட்டு, ரோடு போடுகிற ஆட்களுக்கான மேல்சட்டை தைத்துக் கொடுக்கிறான். சின்னவன் மூன்று வேலை பார்த்து மூன்றிலும் நிலைக்காமல் வீட்டில் இருந்தவன். அண்ணிதான் சொல்லிவைத்துத் தன் அலுவலகத்திலேயே கருவிப் பிரிவில் சேர்த்துவிட்டாள். இந்தத் திங்கட்கிழமை அவனை நிரந்தரம் ஆக்குகிறார்கள். போன அத்தியாயத்தில் அதற்காக வீடே சந்தோஷப்பட்டது.

இன்றைக்குக் கூரைக்காரர் வழக்கு. நாளைக்கு அவருக்கு விசாரணை.

கூரைக்காரரை மறந்திருக்க மாட்டீர்கள். ஒழுகும் வீடுகளுக்குக் கூரை மாற்றிக் கொடுப்பவர். முட்டி வலி வந்த பிறகு, எங்கே ஓட்டை என்று பார்ப்பதற்காக மட்டும் ஒரு சின்ன ட்ரோன் வாங்கினார். பதிவும் செய்யவில்லை, அனுமதியும் வாங்கவில்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் விமானம் இறங்குகிற பாதைக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுக் கூரையைப் படம் எடுத்துக்கொண்டிருந்த அதே காலையில், இறங்க வந்த ஒரு விமானம் ட்ரோன் குறுக்கே வந்ததால் இறங்காமல் மறுபடி மேலே ஏறிப் போனது. அலுவலகத்தின் கருவி கூரைக்காரரின் ட்ரோனைக் காட்டிக்கொடுத்தது. ஒரு மணி நேரத்துக்குள் அண்ணியின் ஆட்கள் அவர் ஏணிக்குக் கீழே நின்றார்கள்.

அவர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. "நான்தான் மேடம்" என்றார். விமானத்தில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று மட்டும் கேட்டார். எண்ணிக்கையைச் சொன்னதும் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

உண்மையைச் சொன்னால் அண்ணிக்கு அன்று ஒரு நிம்மதி. வாதம் இல்லை, மாமா இல்லை, தொலைபேசியில் மிரட்டல் இல்லை. இத்தனை வருஷத்தில் சிக்கலே இல்லாமல் கைக்கு வந்த ஒரே வழக்கு. விமானத்தை ஆபத்தில் தள்ளிய குற்றம் என்றால் சிறை வரைக்கும் போகும். அதை நினைத்தபோது மட்டும் கோப்பை ஒருமுறை மூடித் திறந்தாள். சட்டம் சட்டம்தானே என்று வேறு வேலையைப் பார்த்தாள்.

*

மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் அந்த விமானத்தை ஓட்டிய பெண் விமானி வந்தாள். எழுத்தில் ஏற்கெனவே நான்கு வரி அனுப்பியிருந்தாள். நாளைய விசாரணைக்காக நேரில் ஒருமுறை கேட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். அவளும் ராத்திரி முழுக்க ஓட்டிவிட்டு வந்தவள். இரண்டு பெண்களும் எதிரெதிரே உட்கார்ந்து, யார் அதிகக் களைப்பு என்று போட்டி போடுவது போலக் கொட்டாவி விட்டார்கள். அதற்காகவே அண்ணிக்கு அவளைப் பிடித்துப்போனது.

அந்த அறையின் சுவரில் இரண்டு கடிகாரங்கள் உண்டு. ஒன்று ஊர் நேரம். இன்னொன்று விமானக்காரர்கள் உலகம் பூராவும் வைத்துக்கொள்ளும் பொது நேரம். ஊர் நேரத்துக்கு அது சில மணி நேரம் பின்னால் ஓடும். அலுவலகத்தில் யார் எதைச் சொன்னாலும் எழுதினாலும் பொது நேரத்தில்தான். ஒரே வானத்தில் ஆளுக்கொரு மணி சொன்னால் விமானங்கள் முட்டிக்கொள்ளும். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அண்ணி கற்றுக்கொடுக்கும் முதல் பாடமே அதுதான்.

விமானி எல்லாம் சொல்லி முடித்தாள். சக்கரம் இறக்கியாயிற்று, ஓடுபாதை கண்ணுக்குத் தெரிகிறது, அப்போது இடதுபக்கம் அது வந்தது. கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போல அவ்வளவு கிட்டத்தில். விமானத்தை மேலே இழுத்தாள். பின்னால் ஒரு குழந்தை அழுத சத்தம் கதவைத் தாண்டிக் கேட்டது.

அண்ணி வழக்கமான கேள்வியை வழக்கமான குரலில் கேட்டாள். ட்ரோன் பார்க்க எப்படி இருந்தது?

"சாம்பல் நிறம். சின்னது இல்ல, நடுத்தரம். கால்ல ஆரஞ்சு கலர்ல பட்டை ஒட்டியிருந்தாங்க. நடுவுல வெள்ளிக் கோடு. வெயில் பட்டு அதுதான் பளிச்சுன்னு அடிச்சுது. ரோடு போடற ஆளுங்க சட்டையில இருக்குமே மேடம், அதே மாதிரி."

அண்ணி எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டாள்.

கூரைக்காரரின் ட்ரோன் அலமாரியில் மூன்றாவது தட்டில் இருக்கிறது. வெள்ளை. உள்ளங்கையில் அடங்கும். அதில் பட்டையும் இல்லை, ஒன்றும் இல்லை.

ஆனால் ஆரஞ்சுப் பட்டை ஒட்டிய ட்ரோன் ஒன்றை அண்ணிக்குத் தெரியும். சொந்தக் கருவியைச் சோதித்துப் பார்ப்பதற்காக அலுவலகமே வைத்திருக்கும் சாம்பல் நிற ட்ரோன். ஒருமுறை புல்லில் விழுந்து தேட நேர்ந்தது என்று சின்னவன் அதைச் சரிசெய்ய வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தான். பெரியவன்தான் மிஷினில் மிஞ்சிய பட்டையை வெட்டி, "இந்தாடா, இனிமே காட்டுல விழுந்தாலும் கண்டுபிடிச்சுடலாம்" என்று நான்கு காலிலும் சுற்றிக் கொடுத்தான். அண்ணி பக்கத்தில் நின்று சிரித்தாள். கத்தரிக்கோல் எடுத்துக் கொடுத்ததே அவள்தான்.

விமானியை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள். நல்லபடியாகத் தூங்குங்கள் என்று சொன்னதாக ஞாபகம். வேறு என்ன பேசினாள் என்று பிறகு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

*

விமானங்களை நிறுத்தும் பெரிய கொட்டகையின் மொட்டைமாடியில்தான் கருவிகள் இருக்கின்றன. ட்ரோனுக்கும் ரிமோட்டுக்கும் நடுவே ஓடும் சிக்னலை ஒட்டுக்கேட்பதால் அவற்றுக்கு 'காது' என்று பெயர் வைத்திருந்தார்கள். சின்னவன் ஒரு காதைக் கழற்றி வைத்துக்கொண்டு, உள்ளே கூடு கட்டியிருந்த எறும்புகளை ஊதிக்கொண்டிருந்தான்.

அண்ணியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. திங்கட்கிழமைக்குப் புதுச் சட்டை எடுக்கலாமா, இருப்பதையே தேய்த்துப் போடலாமா என்று கேட்டான். நிழலில் கிடந்த சாம்பல் நிற ட்ரோனைக் கவிழ்த்துப் பார்த்தாள். பட்டை நான்கும் பத்திரமாக இருந்தன. பெரியவன் கைவேலை, பிய்த்தாலும் வராது.

கூரைக்காரரைப் பிடித்த அன்றைக்கு நீயும் இதை ஏற்றினாயே, எப்போது ஏற்றினாய் என்று கேட்டாள்.

"பத்து மணிக்கு அண்ணி. நீங்கதான சொன்னீங்க? ஓடுபாதை மூடிடுவாங்க, அதுக்கப்புறம் அந்தக் கோடி வரைக்கும் கொண்டுபோய்ப் பாருன்னு."

"எந்தப் பத்து?"

சின்னவன் அவளைப் பார்த்தான். கையில் இருந்த திருப்புளியைக் கீழே வைத்தான்.

"வீட்டுல வச்சுச் சொன்னீங்க அண்ணி. பாத்திரம் கழுவிக்கிட்டே சொன்னீங்க. சமையலறைக் கடிகாரம் என் தலைக்கு மேலதான் இருந்துச்சு. பத்துன்னா பத்துதான்னு நெனச்சேன்."

அண்ணிக்கு அந்த ராத்திரி அப்படியே கண்முன் வந்தது. அன்று பதினொரு புகார். கால் வலி. ஒரு தட்டைத் தேய்த்துக்கொண்டே, நாளைக்கு ஓடுபாதையில் விளக்கு மாற்றுகிறார்கள், பத்து மணிக்கு மூடுவார்கள், கன்ட்ரோல் டவரில் சொல்லிவிட்டேன் என்றாள். அவள் மனதில் ஓடியது அலுவலகத்துப் பத்து. ஊருக்கு அது மத்தியானத்துக்கு அப்புறம். டவரில் அவள் சொன்னதும் அந்தப் பத்துதான். சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அவன் மேஜையில் வைத்ததும் அந்தப் பத்துதான்.

அவன் மேஜைக்கே போகவில்லை. அண்ணியே சொல்லிவிட்ட பிறகு சீட்டு எதற்கு என்று வீட்டிலிருந்து நேரே மாடிக்கு வந்துவிட்டான். ஏற்றுவதற்கு முன் டவரைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்பது விதி. அண்ணிதான் சொல்லிவிட்டாளே என்று அதையும் விட்டான். ஓடுபாதை மூடியிருக்கிறது என்ற நினைப்பில் திரையைப் பார்த்துக்கொண்டே கோடி வரைக்கும் பறக்கவிட்டான். தலைக்கு மேல் ஒரு விமானம் இரைந்துகொண்டு ஏறிப் போனது. புறப்பட்டுப் போகிற ஏதோ ஒன்று என்று நினைத்துக்கொண்டான்.

சோதனை நடந்த நேரம் பத்து என்றுதான் பதிவிலும் எழுதினான். அதைப் பார்த்த எல்லோரும் பொது நேரம் என்று எடுத்துக்கொண்டார்கள். அண்ணியும்தான். சம்பவம் நடந்தது காலையில், சோதனை நடந்தது ஓடுபாதை மூடிய மத்தியானத்தில், எந்தச் சம்பந்தமும் இல்லை. காதுகளுக்கோ அலுவலகத்தின் சொந்த ட்ரோனுக்கு மட்டும் எச்சரிக்கை அடிக்காதே என்று சொல்லிவைத்திருந்தது. அவை நேர்மையாக வாய் பொத்திக்கொண்டன. பக்கத்துத் தெருவில் கூரை பார்த்துக்கொண்டிருந்த மனிதரை மட்டும் பிடித்துக் கொடுத்தன.

ஊருக்கெல்லாம் விதி சொல்கிறவர்கள் தங்கள் ட்ரோனாலேயே ஒரு விமானத்தை விரட்டியிருக்கிறார்கள்.

"ஒரு தடவை தோணுச்சு அண்ணி," என்றான் சின்னவன். குரல் இறங்கிவிட்டது. "அன்னிக்குக் காலையில நாமளும் ஏத்தினோமேன்னு. ஆனா மூடின ஓடுபாதைக்கு விமானம் எப்படி வரும்? அதுவும் இல்லாம அவரே ஒத்துக்கிட்டார்னு கேள்விப்பட்டேன். விட்டுட்டேன்."

அண்ணிக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கோபப்படக்கூடத் தெம்பு வேண்டியிருக்கிறது. அவன் பக்கத்தில் தகரப் பெட்டிமேல் உட்கார்ந்தாள். தூரத்தில் ஒரு விமானம் யாரும் குறுக்கே வராமல் அழகாக இறங்கியது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

*

பிரிவுத் தலைவரைத் தொலைபேசியில் பிடித்தாள். ஏதோ கூட்டத்தில் இருந்தார். முழுக்கக் கேட்டார். பிறகு மிகவும் கனிவாக, அவள் களைத்துப் போயிருப்பதாகச் சொன்னார். விமானி சொன்ன ஒரு பட்டையை வைத்து அவசரப்பட்டு முடிவுக்கு வரக்கூடாது என்றார். அந்த மனிதரும் அனுமதியில்லாமல் பறக்கவிட்டவர்தானே, அவரே ஒப்புக்கொண்டிருக்கிறாரே என்றார். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம், இன்றைக்கு யாரிடமும் பேச வேண்டாம் என்று வைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்தபோது பெரியவன் ஐம்பது மேல்சட்டையை அடுக்கிக் கட்டிக்கொண்டிருந்தான். மனைவியும் தம்பியும் ஒரே நேரத்தில், வெளிச்சம் இருக்கும்போதே வந்து நிற்பதைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது. மிஷினை நிறுத்தினான்.

அண்ணி சொல்லி முடித்தாள். பெரியவன் முதலில் கேட்டது தம்பியின் வேலை என்னாகும் என்று. போய்விடும் என்றாள். உன் வேலை என்றான். அதுவும் இருக்காது போல என்றாள். அதற்கப்புறம் அவன் ஒரு பட்டைச் சுருளைக் கையில் எடுத்து, சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தான்.

தலைவர் சொன்னதையே அவனும் சொன்னான். என்ன, இவன் வாயில் வந்தபோது கேட்கக் கஷ்டமாக இருந்தது. அந்த மனிதர் ஒரு தப்பும் செய்யாதவரா? அனுமதி வாங்கினாரா? எப்படியும் ஒரு தண்டனை உண்டுதானே? தம்பி மூன்று வேலையில் அடிபட்டு இப்போதுதான் நிமிர்கிறான். நீயோ ஒரு நாளாவது ஒழுங்காகத் தூங்கியிருக்கிறாயா? யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே, விமானம் பத்திரமாகத்தானே இறங்கியது?

"அவருக்கு ஆகியிருக்குங்க," என்றாள் அண்ணி. "நாம பண்ணினதைத் தான் பண்ணினதா நம்பிக்கிட்டு இருக்காரு. அந்தத் தெருவில விசாரிச்சப்ப சொன்னாங்க. அன்னிலேருந்து ஏணிமேல ஏறலையாம். மேல விமானச் சத்தம் கேட்டா வீட்டுக்குள்ள போய்டறாராம்."

பெரியவன் பட்டைச் சுருளைக் கீழே வைத்தான்.

அவளுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பேசாமல் போய்ப் படுத்துவிட வேண்டும், நாளைக்கு விசாரணையில் நான்கு கேள்வி கேட்டுவிட்டுக் கோப்பை மூட வேண்டும், திங்கட்கிழமை சின்னவனுக்குப் புதுச் சட்டை எடுக்க வேண்டும் என்று ஆசையாகத்தான் இருந்தது. விதியை மீறினவர்களின் முகத்தை வருஷக்கணக்காகப் பார்த்தவள் அவள். பிடிபடுவதற்கு ஒரு நிமிஷம் முன்னால் அவர்கள் எல்லோருக்கும் இருக்கும் முகம் இப்போது தனக்கும் வந்திருக்கும் என்று தெரிந்தது. கண்ணாடி பார்க்கவில்லை.

சின்னவன்தான் எழுந்தான். போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தான்.

"போலாம் அண்ணி. நீங்க ஒண்ணும் பேச வேணாம். நானே சொல்றேன்."

பெரியவன் தடுக்கவில்லை. வாசல்வரை வந்து, மெதுவாக ஓட்டு என்று மட்டும் தம்பியிடம் சொன்னான்.

*

கூரைக்காரர் வீட்டு முன்னால் ஏணி படுக்கைவாட்டில் கிடந்தது. அதன்மேல் துணி காயப்போட்டிருந்தார்கள்.

அண்ணியைப் பார்த்ததும் அவர் எழுந்து நின்றார். வந்த காரியத்தைக் கேட்கவே இல்லை. உள்ளே போய் ஒரு பேட்டரியை எடுத்து வந்து நீட்டினார். அன்றைக்கு எடுத்துப் போனபோது இது அலமாரிக்குப் பின்னால் விழுந்து கிடந்ததாம், நேற்றுத்தான் கிடைத்ததாம். நாளைக்கு வரும்போது கொண்டுவரலாம் என்று இருந்தாராம்.

"எடுத்துக்கங்க மேடம். இது வீட்டுல இருக்க வேணாம்."

சின்னவன் அதை வாங்கிக்கொண்டான். வாங்கிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றான். அண்ணி தானே தொடங்கலாமா என்று நினைத்த நேரத்தில் அவன் தலை நிமிர்ந்தான்.

"அண்ணே, அன்னிக்கு விமானத்துக்குக் குறுக்க வந்தது உங்களோடது இல்ல. என்னோடது. எங்க ஆபீஸ் ட்ரோன். நேரம் மாறிப் போச்சு. நான்தான் ஏத்தினேன்."

கூரைக்காரருக்கு அது உடனே போய்ச் சேரவில்லை. ஆபீஸ் ட்ரோனா என்றார். அண்ணி கடிகாரக் கதையைச் சொன்னாள். கவனமாகக் கேட்டார். இரண்டு நேரம் எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். அதற்கும் பதில் சொன்னாள்.

"அப்ப அது நான் இல்லையா?"

"இல்லைங்க."

"நிச்சயமா நான் இல்லையா மேடம்?"

"நிச்சயமா நீங்க இல்ல."

ஏணியில் காய்ந்த துணியை ஒதுக்கிவிட்டு அதன்மேல் உட்கார்ந்தார். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறாரோ என்று சின்னவன் பயந்துபோய் அண்ணியைப் பார்த்தான். அவர் அழவில்லை. கையை எடுத்தபோது முகம் வெறுமையாக இருந்தது. பாரத்தை இறக்கி வைத்தவருக்குக் கொஞ்ச நேரம் தோள் எங்கே இருக்கிறது என்றே தெரியாதாமே, அந்த மாதிரி.

"கண்ணை மூடினா அந்த ஜனங்கதான் வருவாங்க. சீட்டுல உக்காந்த மாதிரியே வரிசையா வருவாங்க," என்றார்.

திட்டுவார் என்று அண்ணி எதிர்பார்த்தாள். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். அவர் நாளைக்கு என்ன சொல்ல வேண்டும் என்று மட்டும் கேட்டார்.

"அனுமதி இல்லாம பறக்கவிட்டேன்னு சொல்லுங்க. அது உண்மை. விமானத்துக்குக் குறுக்க வந்தது நான்னு மட்டும் சொல்லாதீங்க. முன்னாடி ஒத்துக்கிட்டது நாங்க சொன்னதை நம்பி ஒத்துக்கிட்டதுன்னு சொல்லுங்க."

"அப்ப அபராதம் உண்டா?"

"உண்டு. பதிவு பண்ணாததுக்கு ஒண்ணு, அனுமதி வாங்காததுக்கு ஒண்ணு."

கூரைக்காரர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். இந்த நிலைமையிலும் அபராதத்தை விடமாட்டேன் என்கிறாளே என்று தோன்றியிருக்க வேண்டும். மூன்று வாரத்தில் முதல்முறையாக அவர் வாய் லேசாகச் சிரிப்பில் கோணியது. சரி மேடம், கட்டிவிடுகிறேன் என்றார்.

அவர்கள் கிளம்பும்போது கேட்டை வந்து திறந்துவிட்டார். அப்போதுதான் கேட்டார்.

"இப்ப உங்களுக்கு என்ன ஆகும்?"

இந்த மூன்று வாரத்தில் அவர் கேட்டவற்றில் இரண்டு கேள்விகள்தான் அண்ணி மனதில் தங்கின. விமானத்தில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று அன்று. உங்களுக்கு என்ன ஆகும் என்று இன்று. இரண்டிலும் அவர் தன்னைப் பற்றிக் கேட்கவில்லை. தெரியவில்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

வண்டியில் ஏறியதும் கைப்பேசி ஒளிர்ந்தது. தலைவரிடமிருந்து செய்தி. நாளைய விசாரணையை வேறொரு அதிகாரி நடத்துவார், நீங்கள் சில நாள் விடுப்பில் இருந்து ஓய்வெடுங்கள், சோதனை ட்ரோனை எடுத்துவர ஆள் அனுப்பியிருக்கிறேன் என்று மூன்றே வரி.

அண்ணி கடைசி வரியை மறுபடி படித்தாள். அப்படியென்றால் மாடியில் இருக்கும் அந்தப் பட்டை காலைக்குள் காணாமல் போகும்.

சின்னவனிடம் கைப்பேசியைக் காட்டினாள். அவன் படித்தான். வண்டியைக் கிளப்பவில்லை. பின்சீட்டைக் கையால் காட்டினான். பழைய மேல்சட்டை ஒன்றைப் போர்த்தி, சாம்பல் நிற ட்ரோன் அங்கே உட்கார்ந்திருந்தது. அவள் தலைவரோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தபோதே மாடியிலிருந்து தூக்கி வந்துவிட்டானாம். அனுமதியில்லாமல் எடுத்ததுதான், எழுதிக்கொள்ளுங்கள் அண்ணி என்றான்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே கண்ணிலும் தண்ணீர் வந்தது. இரண்டையும் துடைத்துக்கொள்ளவில்லை.

"நாளைக்கு விசாரணைக்கு நாமளும் போறோம்," என்றாள்.

"எத்தனை மணிக்கு அண்ணி?"

"பத்து மணிக்கு." சொல்லிவிட்டு நிறுத்தினாள். "நம்ம சமையலறைக் கடிகாரத்துல பத்து."